யந்திரமா, யுக்தியா?

சென்ற ஆண்டு தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைக் காப்பியை முடித்துவிட்டு, பரீட்சைத் தாள் கட்டைப் பிரிக்கலாமா, இன்னும் சிறிது நேரம் ஒத்திப் போடலாமா என்று நாம் ஆழ்ந்த சிந்தனையில் இருந்தோம். அந்தச் சமயத்தில் வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சப்தம் கேட்டது. தாள் கட்டு தப்பிற்று. வந்தவர் பதினைந்து வருஷத்துக்கு முன் நம்மிடம் சரித்திரம் படித்த பழைய மாணாக்கர். சரித்திரத்தில் அவர் வாங்கிய மார்க்கைப் பற்றி இங்கே பேசுவது மரியாதை ஆகாது. இப்போது கோயமுத்தூருக்குப் பக்கத்தில், தகப்பனார் வைத்துவிட்டுப் போன லேத்துப் பட்டறையை நடத்திக்கொண்டிருக்கிறார். பம்ப் செட்டுக் கம்பெனிகளுக்குத் தண்டும் சக்கரமும் கடைந்து கொடுப்பது தொழில். பதினான்கு பேர் அவரை நம்பிப் பிழைக்கிறார்கள்.

"ஸார், ஒரு யோசனை கேட்க வந்தேன்" என்றார். "கம்ப்யூட்டரில் ஓடும் புது யந்திரம் ஒன்று விலைக்கு வருகிறது. 30 லட்சம் ரூபாய். வீட்டை அடமானம் வைத்தால் பாங்கியில் கடன் கொடுக்கிறேன் என்கிறார்கள். பக்கத்துப் பட்டறைக்காரர் போன வருஷமே வாங்கிவிட்டார். நானும் வாங்காவிட்டால் தொழில் நிற்காது என்று எல்லாரும் சொல்கிறார்கள். வாங்கினால் ஆறு பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். வீடோ அம்மா பேரில் இருக்கிறது. அம்மா, 'வாத்தியாரைக் கேட்டுக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்' என்று சொல்லிவிட்டாள்."

நாம் திகைத்துப்போனோம். மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிற மனிதனிடம் வியாபார யோசனை கேட்பது, கரையில் நிற்பவனிடம் நீச்சல் கற்றுக்கொள்வதற்குச் சமானம். ஆனால் ஒரு தாயார் தம்முடைய வீட்டை நம் வார்த்தையின்மேல் வைத்திருக்கும்போது, "எனக்குத் தெரியாது, அப்பா" என்று சொல்லி அனுப்பவும் மனம் வரவில்லை. "ஒரு வாரம் அவகாசம் கொடு" என்றோம். அந்த ஒரு வாரமும் நமக்குத் தெரிந்த ஒரே வித்தையாகிய சரித்திரத்தைப் புரட்டினோம். அதில் கிடைத்ததை நேயர்களுக்கும் சொல்லிவிடுகிறோம். இன்று நம் தேசத்தில் சிறு தொழில் நடத்தும் குடும்பம் எதிலும் இந்தக் கேள்வி ஒரு நாள் எழாமல் இராது.

தொழிலில் புதுமை இரண்டு விதம். புதிய சாமான் ஒன்றைச் செய்வது ஒன்று. பழைய சாமானையே புதிய முறையில் செய்வது மற்றொன்று. முதலாவது எல்லார் கண்ணிலும் படும்; பத்திரிகையில் படம் வரும். இரண்டாவது பட்டறைச் சுவருக்குள்ளேயே நடப்பது. வாங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் பிறகு முன்னேறிய தேசங்களின் சரித்திரத்தைப் பார்த்தால், அவை பெரும்பாலும் இந்த இரண்டாவது வாசல் வழியாகத்தான் உள்ளே நுழைந்திருக்கின்றன. அந்த வாசலுக்குப் போகும் பாதைகளும் பல. புதிய யந்திரத்தை விலை கொடுத்து வாங்கலாம். பிறருடைய முறையைக் கற்றுக்கொண்டு நடத்தலாம். கையில் இருப்பதை வைத்துக்கொண்டே யுக்தியால் திருத்திக்கொள்ளலாம். எந்தப் பாதையில் எப்போது போவது என்பதுதான் சிரமமான கேள்வி.

முதலில் ஜப்பானுக்குப் போவோம்.

ஸகிச்சி டொயோடா என்பவர் 1867-ம் ஆண்டில் ஒரு தச்சருடைய மகனாகப் பிறந்தார். தாயார் தறியில் படும் சிரமத்தைப் பார்த்து மனம் இரங்கியே அவர் தறியைத் திருத்த முற்பட்டார் என்று சொல்வார்கள். 1891-ல் ஒரு மரத் தறிக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். இரண்டு கையாலும் நெய்ய வேண்டியதை ஒரு கையாலேயே நெய்யும்படி செய்ததுதான் அதிலுள்ள விசேஷம். அக்காலத்தில் ஜப்பானிய ஆலைகள் இங்கிலாந்தில் லங்காஷயரிலிருந்து யந்திரங்களைத் தருவித்துக்கொண்டிருந்தன. டொயோடாவோ முப்பது வருஷத்துக்கு மேல் தறியோடேயே மல்லாடினார். 1924-ல் வந்த அவருடைய தானியங்கித் தறி, ஓட்டத்தை நிறுத்தாமலே நாடாவை மாற்றிக்கொண்டது. நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிட்டது. நிற்கத் தெரிந்த தறியைக் கண் கொட்டாமல் காவல் காக்க வேண்டியதில்லை அல்லவா? ஆகவே, ஒரே ஆள் பல தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. 1929-ல், உலகத்துக்கெல்லாம் நெசவு யந்திரம் விற்றுவந்த ஓல்டாம் நகரத்துப் பிளாட் சகோதரர்கள் கம்பெனியே இந்தத் தறியைச் செய்யும் உரிமைக்காக ஒரு லட்சம் பவுனுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது. வாங்கியவர் விற்றவராகவும், விற்றவர் வாங்கியவராகவும் மாறிய அதிசயம் இது.

ஸகிச்சியின் புதல்வர் கீச்சிரோ 1937-ல் மோட்டார்க் கம்பெனியைத் தொடங்கினார். யுத்தத்துக்குப் பின் அந்தக் கம்பெனி ஏறக்குறைய திவாலாகும் நிலைக்கு வந்தது. 1950-ல் பெரிய வேலைநிறுத்தம். 1,500-க்கு மேற்பட்ட தொழிலாளர்கள் வேலையை விட்டுப் போனார்கள். கீச்சிரோவும் பொறுப்பேற்றுப் பதவியைத் துறந்தார். அதே வருஷம் அவருடைய சிற்றப்பா புதல்வரான ஈஜி டொயோடா, அமெரிக்காவில் போர்டு கம்பெனியின் மாபெரும் ஆலையைப் பார்க்கச் சென்றார். இந்த இடத்தில் நேயர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும். நம்மில் பலர் அவருடைய ஸ்தானத்தில் இருந்தால் என்ன செய்திருப்போம்? "இந்த மாதிரி ஆலை ஒன்று நமக்கும் வேண்டும்" என்று கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருப்போம்.

அவர்கள் அப்படிச் செய்யவில்லை. செய்யப் பணமும் இல்லை. அமெரிக்க ஆலையில் தகடு அழுத்தும் யந்திரத்தில் ஓர் அச்சைப் பொருத்தினால், ஒரே மாதிரியான பாகத்தை ஆயிரக் கணக்கில் அடித்துத் தள்ளுவார்கள். ஜப்பானில் விற்பனையோ கொஞ்சம்; கேட்கப்படும் வகைகளோ அநேகம். அடிக்கடி அச்சை மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறை மாற்றவும் இரண்டு மூன்று மணி நேரம் ஆயிற்று. நெசவாலையிலிருந்து மோட்டார் ஆலைக்கு மாறி வந்த தாயிச்சி ஓனோ என்ற பொறிவல்லுநர், இந்த நேரத்தைக் குறைப்பதையே விரதமாக எடுத்துக்கொண்டார். யந்திரம் ஓடும்போதே அடுத்த அச்சைத் தயாராக வைப்பது, திருகாணிகளைக் குறைப்பது, கருவிகளைக் கைக்கு எட்டும் இடத்தில் மாட்டுவது இவ்வாறான சின்னச் சின்ன யுக்திகளால் 1950-களில் பதினைந்து நிமிஷம் வரையில் வந்தது. 1960-களின் கடைசியில் மூன்றே நிமிஷம் ஆயிற்று. இதற்குள் யந்திரம் ஏதாவது புதிதாக வந்ததா என்றால், முக்கியமாக வந்தது சிந்தனைதான். தேவையானதைத் தேவையான சமயத்தில் மட்டும் செய்வது என்ற அவர்களுடைய முறை, அமெரிக்க மளிகை அங்காடிகளில் அலமாரி காலியானால் மட்டும் சரக்கு நிரப்புவதைக் கவனித்து எழுந்தது. வறுமையே அவர்களுக்கு வாத்தியாராக இருந்தது.

இதைக் கேட்டதும் சிலர், "பார்த்தீர்களா! யந்திரம் வாங்குவதே தவறு" என்று எழுந்துவிடுவார்கள். உட்காரும்படி கேட்டுக்கொள்கிறோம்.

தென் கொரியாவின் போஹாங் உருக்கு ஆலை 1968-ல் பிறந்த கம்பெனி. அந்தத் தேசத்துக்கு இரும்பாலை கட்டுப்படியாகாது என்று உலக பாங்கி கருதியது. அவர்கள் விடவில்லை. ஜப்பான் கொடுத்த நஷ்டஈட்டுப் பணத்தையும் ஜப்பானிய உருக்குக் கம்பெனிகளின் உதவியையும் கொண்டு, 1973-ல் வருஷத்துக்குச் சுமார் 10 லட்சம் டன் உற்பத்தி செய்யக்கூடிய ஆலையை ஓட வைத்தார்கள். ஊதுலையைத் திண்ணையில் உட்கார்ந்து யுக்தியால் செய்துவிட முடியாது. சிறிதாக ஆரம்பித்துப் பெரிதாக்கவும் இயலாது. வாங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் அவர்கள் வாங்கிய விதத்தைக் கவனியுங்கள். யந்திரம் வருவதற்கு முன்பே பொறிவல்லுநர்களையும் தொழிலாளர்களையும் ஜப்பானுக்கு அனுப்பிப் பயிற்சி பெறச் செய்தார்கள். விரிவாக்கம் நடக்க நடக்க வெளியார் கையைக் குறைத்துத் தங்கள் கையைக் கூட்டிக்கொண்டார்கள். 1992-ல் சொந்த ஆராய்ச்சியில் இறங்கி, ஆஸ்திரிய வல்லுநர்களின் கூட்டுறவோடு, சாதாரண நிலக்கரியையும் தூள் தாதுவையும் நேராக உபயோகித்து இரும்பு உருக்கும் புது முறையைக் கண்டார்கள். 2007-ல் அந்த முறையில் பெரிய உலையே இயங்கத் தொடங்கியது. பணம் கொடுத்து வாங்கியது யந்திரத்தை. வீட்டுக்குக் கொண்டுவந்தது வித்தையை.

நம்மவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். சிவகாசியின் கதை அநேகருக்குத் தெரிந்திருக்கும். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு உறவினர்கள் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். ஜெர்மனியிலிருந்து யந்திரங்களைத் தருவித்தார்கள். யந்திர முறை லாபம் கொடுக்கவில்லை. உடனே மனம் தளராமல், கைவேலை முறைக்கு மாறினார்கள். மழை குறைந்த வறண்ட சீமை. குச்சியும் பெட்டியும் காய்வதற்கு வெயில் இலவசம். முதல் குறைவு, கை நிறைய. பெட்டி ஒட்டும் வேலை வீடு வீடாகச் சென்றது. 1923-ல் ஸ்வீடன் தேசத்து முதலாளிகள் இங்கே தொடங்கிய யந்திரக் கம்பெனியை எதிர்த்து இந்தக் கைவேலை நிலைத்து நின்றது. கைவேலைத் தீப்பெட்டிக்குச் சர்க்கார் குறைந்த வரி விதித்ததும் பெரிய துணையாயிற்று. யந்திரத்திலிருந்து கைக்குத் திரும்புவதும் ஒரு புதுமையாக இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

ஆனால் கதையை இங்கேயே நிறுத்தினால் நாம் சரித்திர வாத்தியார் அல்ல. அந்த மலிவான கைகளில் பல, பள்ளிக்கூடத்தில் பலகை பிடித்திருக்க வேண்டிய பிஞ்சுக் கைகள். 1986-ம் வருஷத்துச் சட்டம் தீப்பெட்டித் தொழிலில் பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளை வைப்பதைத் தடுத்தது. சிவகாசிக் குழந்தைகளைப் பற்றிய வழக்கில் 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு, சட்டத்தை மீறி வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஒரு முறை மலிவாக இருக்கிறது என்றால், மீதி விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். கொடுப்பவர் கணக்குப் புத்தகத்தில் வராதவராக இருந்தால் அந்த மலிவு பாவத்தின் பங்கு.

சென்னைப் பட்டணத்தில் வேறொரு விதமான காரியம் நடந்தது. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி, இங்கிலாந்தில் மோட்டார் ரேடியேட்டர் மூடி செய்துவந்த தன் ஆலையை மூட முடிவு செய்தது. சுந்தரம் பாஸ்டனர்ஸ் கம்பெனியார் அந்த யந்திரங்களை வாங்கிக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். ஒருவர் வேண்டாம் என்று கழித்த யந்திரங்கள்! அவற்றைக்கொண்டே செய்த மூடிகளை அதே ஜெனரல் மோட்டார்ஸுக்கு விற்று, சிறந்த சப்ளையர் என்ற விருதையும் பலமுறை பெற்றார்கள். யந்திரம் அதேதான், அதைச் சூழ்ந்திருந்த ஒழுங்கு மாறிற்று. அதே குடும்பத்தைச் சேர்ந்த, பாடியில் பிரேக்குகள் செய்துவந்த சுந்தரம் கிளேட்டன் கம்பெனி, ஜப்பானிய ஆசிரியர்களை வைத்துப் பல வருஷம் பாடம் படித்து, 1998-ல் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. இந்தியக் கம்பெனி எதற்கும் அதற்கு முன் அந்தப் பரிசு கிடைத்ததில்லை. அந்தப் பாடத்தின் சாரம், குறையை யார் செய்தார்கள் என்று தேடாமல், எங்கே பிறந்தது என்று தேடுவதும், யந்திரத்தின் அருகில் நிற்பவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதும்தான்.

இத்தனையையும் சொன்ன பிறகு, நம் சொந்த அநுபவம் ஒன்றையும் சொல்லாமல் இருப்பது நியாயம் ஆகாது. நாம் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளிக்கூடத்தில், படம் காட்டும் விலை உயர்ந்த கருவி ஒன்றை வாங்கினார்கள். அதை இயக்கக் கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. கெட்டால் பழுது பார்க்கவும் ஆள் இல்லை. அது ஓர் அறையில் பட்டுத் துணி போர்த்திக்கொண்டு சுகமாக வீற்றிருந்தது. வருஷத்துக்கு ஒரு நாள், ஆயுத பூஜையன்று, அதற்குச் சந்தனமும் குங்குமமும் இட்டுச் சுண்டல் நைவேத்தியம் செய்வோம். மற்ற 364 நாளும் அது எங்களுக்கு ஒன்றும் செய்ததில்லை. நம் தேசத்து எத்தனை ஆலைகளில் இப்படிப்பட்ட தெய்வங்கள் கோயில் கொண்டிருக்கின்றனவோ, ஈசனுக்கே வெளிச்சம்.

ஒரு வாரம் கழித்து மாணாக்கர் வந்தார். வாங்கு என்றும் சொல்லவில்லை, வாங்காதே என்றும் சொல்லவில்லை. நான்கு கேள்விகளை எழுதிக் கொடுத்தோம்.

உன் தொழிலுக்குத் தடை, யந்திரத்தின் வேகமா, அல்லது யந்திரம் நிற்கும் நேரமா? இது முதல் கேள்வி. உன்னிடம் எது அதிகம், எது குறைவு. மலிவானதை உபயோகிக்கும்போது அதன் மிச்ச விலை யார் தலையில் விழுகிறது? இது இரண்டாவது. புது யந்திரம் நின்றுபோனால், அதைத் திறந்து பார்க்கக்கூடியவன் உன் பட்டறையில் யார்? இது மூன்றாவது. இந்த யந்திரத்துக்கு வேலை கொடுக்கும் வாடிக்கைக்காரர், கடன் அடையும் வரையில் உன்னோடு இருப்பார் என்பதற்கு என்ன ஆதாரம்? இது நான்காவது.

"பரீட்சைத் தாள் மாதிரி இருக்கிறதே, ஸார்" என்று சிரித்தார். "பரீட்சைதான். ஆனால் இந்தத் தடவை பார்த்து எழுதலாம். உன் பட்டறையைப் பார்த்து எழுது" என்றோம்.

மூன்று மாதம் ஒன்றும் தகவல் இல்லை. பிறகு ஒரு நாள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். ஒவ்வொரு லேத்தும் ஒரு நாளில் எவ்வளவு நேரம் உண்மையில் இரும்பைக் கடைகிறது என்று குறித்திருந்தார். ஒன்பது மணி நேரத்தில் நான்கு மணிகூட இல்லை. மீதி நேரம் உளியைத் தேடுவதிலும், படத்துக்குக் காத்திருப்பதிலும், ஒரு வகைத் தண்டிலிருந்து இன்னொரு வகைக்குச் சக்கை மாற்றுவதிலும் போயிற்று. "அதைவிட வெட்கம் என்ன தெரியுமா, ஸார்? நோட்டைப் பார்த்துவிட்டு எங்கள் பழைய மேஸ்திரி, 'இதை உங்கள் அப்பா காலத்திலேயே சொன்னேனே தம்பி, யார் கேட்டார்கள்?' என்றார். அவரைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தேன்" என்றார். சொல்லும்போது அவர் நம் முகத்தைப் பார்க்கவில்லை.

மேஸ்திரியின் யோசனைப்படி, மறுநாள் வேலைக்கு வேண்டிய உளிகளையும் படத்தையும் முதல் நாள் மாலையே ஒரு தட்டில் எடுத்து வைத்தார்கள். ஒரே அளவுள்ள தண்டுகளைச் சேர்த்துக் கடைந்தார்கள். செலவு சில ஆயிரம் ரூபாய். வேலை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வெளியே வந்தது.

எல்லாம் சுபம் என்று முடித்துவிடலாம். ஆனால் உண்மை அப்படி இல்லை. இந்த மாதங்களுக்குள் ஒரு பெரிய வாடிக்கைக்காரர், மிக நுட்பமான அளவு கேட்கும் ஒரு தண்டுக்காகப் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விட்டார். அந்த நுட்பம் எந்த மேஸ்திரியின் கைக்கும் எட்டாதது. கணினி யந்திரம்தான் செய்யும். அங்கே யுக்தி முடிந்து யந்திரம் ஆரம்பிக்கிறது. காத்திருந்ததற்கு அவர் கொடுத்த விலை அது. அதில் நமக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

ஐப்பசியில் அவர் யந்திரம் வாங்கினார். முன்பு பார்த்ததைவிடச் சிறியது, பாதி விலை. கூடுதலாக வந்த வருமானத்திலிருந்து ஒரு பகுதி கொடுத்ததால், பட்டறைக் கட்டிடத்தின்மேலேயே கடன் கிடைத்தது. அம்மாவின் வீடு தப்பிற்று. யந்திரம் வருவதற்கு இரண்டு மாதம் முன்பே, இரண்டு பையன்களை அதைச் செய்யும் கம்பெனிக்கு அனுப்பிப் படிக்க வைத்திருந்தார். பதினான்கு பேரில் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. கடன் இன்னும் நான்கு வருஷம் இருக்கிறது. போன வாடிக்கைக்காரர் இன்னும் திரும்பவில்லை. ஆகையால் ஜயம் என்று நாம் சங்கு ஊதப் போவதில்லை.

ஆனால் இந்த வருஷத்து ஆயுத பூஜைக்கு நம்மை அழைத்திருந்தார். புது யந்திரத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். பக்கத்திலேயே ஒரு சிறு மேஜையில், சந்தனப் பொட்டு இட்டு வேறொன்றையும் வைத்திருந்தார்கள். அழுக்குப் படிந்த அந்த நோட்டுப் புத்தகம். கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அந்தப் பழைய மேஸ்திரி. அவர் தீபாராதனையை முதலில் எதற்குக் காட்டினார் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.